பிளந்த சட்டம்

ஓலைச்சுவடி என்றதும் நாம் எழுத்தைப் பேசுகிறோம், பாடபேதத்தைப் பேசுகிறோம், பதிப்பித்தவரைப் போற்றுகிறோம். ஏடுகளை மேலும் கீழும் காத்துநின்ற இரண்டு மரச்சட்டங்களைப் பற்றிப் பேசுவாரில்லை. சட்டம் பிளந்தால் அதை எறிந்துவிட்டு ஒட்டுப்பலகையில் இரண்டு துண்டு வெட்டிக் கட்டிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது தவறு என்பதே எமது கருத்து.

சட்டம் வெறும் உறையன்று. ஏட்டின் துளைகளுக்கு நேராகவே சட்டத்திலும் துளையிட்டிருப்பார்கள். இரு துளை உள்ள சுவடியில் ஒன்றில் கயிறு ஓடும். மற்றதில் நாராசம் எனப்படும் குச்சியோ கம்பியோ நிற்கும். கட்டுகள் கலைந்து, எந்த ஏடு எந்தச் சுவடிக்கு உரியது என்ற ஐயம் எழும்போது, சட்டத்தின் நீள அகலமும் துளைகளின் இடைவெளியும் சான்று கூறும். சில சட்டங்களில் நூற்பெயரோ உடையவர் பெயரோ பொறித்திருக்கும். அதை எறிபவர் ஒரு சாட்சியை எறிகிறார்.

ஐரோப்பாவிலும் அட்டை பரவலாவதற்கு முன், ஓக் முதலிய மரப்பலகைகளே நூல்களுக்கு மேலுறையாயின. இன்று அங்குள்ள பெருநூலகங்களில் பிளந்த பலகையை மாற்றுவதைவிடச் செப்பனிடுவதையே நெறியாகக் கொள்கிறார்கள்.

மரம் ஏன் பிளக்கிறது? ஈரம் ஏறினால் அது இழைக்குக் குறுக்கே விரியும்; வறண்டால் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. ஆதலால் விரிசல் இழையின் வழியே ஓடும்; பெரும்பாலும் வலுக் குறைந்த துளையருகே தொடங்கும். கடலோர ஈரத்தில் நெடுங்காலம் இருந்த சட்டம் ஓசூர் மேட்டுநிலத்தின் கோடை வறட்சிக்கு வந்தால் என்னாகும் என்பதை ஊகிக்கலாம்.

செப்பனிடும் முறை அரிதன்று. முதலில் ஏடுகளைப் பிரித்து அப்பால் வைக்க வேண்டும். சட்டத்தைப் படமெடுத்து, மென்தூரிகையால் துடைத்து, பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிய பிளவாயின், தச்சர்கள் அறிந்த வச்சிரப் பசையை மெல்லத் தடவி இலேசாக இறுக்கினால் போதும். வெப்பமும் ஈரமும் பட்டால் அது இளகும். நாளை வேறொருவர் பிரித்துத் திருத்தலாம். கடையில் விற்கும் செயற்கைப் பசைகள் பலவற்றுக்கு அந்தப் பணிவு இல்லை. சுருங்கி அகன்ற பழைய பிளவை இழுத்து மூடலாகாது. மரம் வேறிடத்தில் பிளக்கும். அதே இன மரத்தின் மெல்லிய சீவலை இழை ஒத்துப்போகும்படி செருக வேண்டும். இரும்பாணி கூடவே கூடாது. துரு மரத்தையும் தின்னும், ஏட்டையும் கறையாக்கும்.

பிளந்த விளிம்பு ஏட்டைக் கீறாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எடை தாங்காத சட்டத்தைக் கட்டிலிருந்து நீக்கலாம்; ஆனால் சுவடி எண் குறித்து, அதனருகிலேயே பேண வேண்டும். புதிய சட்டமும் நன்கு பதப்பட்ட மரமாக இருக்கட்டும். ஒட்டுப்பலகையின் பசையிலிருந்து கசியும் ஆவி ஏட்டுக்கு நன்மை செய்யாது.

2003இல் தேசியச் சுவடி இயக்கம் தொடங்கியது. 2025ஆம் ஆண்டு நடுவணரசின் நிதிநிலை அறிக்கை, ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கருதி ஞான பாரதம் திட்டத்தை அறிவித்தது. மின்னுருவாக்கம் வேண்டுவதே. ஆயின் ஏட்டைப் படமெடுப்பவர் சட்டத்தின் இருபுறத்தையும் படமெடுத்து, அளவையும் குறிக்க வேண்டும் என்கிறோம்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படும் எல்லைப் பகுதி எமது ஓசூரும் கிருட்டிணகிரியும். இங்கே ஒரு வீட்டுப் பரணில் கிடக்கும் சுவடி எந்த எழுத்தில் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. படிக்கத் தெரியாத எழுத்தின் ஏட்டையே பாரமென எண்ணும் வீட்டில், அதன் உடைந்த பலகைக்கு யார் இரங்குவர்? கைக்கடிகாரத்தின் நுண்ணுறுப்புகளையும் கனரக வாகனங்களையும் செய்யும் கைகள் நிறைந்த ஊர் இது. மயிரிழை அளவுக்கு வேலை செய்யத் தெரிந்தவர்கள் இங்கே உண்டு. அவர்களில் நால்வருக்கேனும் இப்பணியைக் கற்பித்தால், மாவட்டத்துச் சுவடிகள் செப்பனிடச் சென்னைக்கோ தஞ்சைக்கோ பயணப்பட வேண்டியதில்லை. தமிழ் முதுகலை வகுப்பில் சுவடியியல் கற்பிக்கும் நாமும் ஒரு பருவத்திலாவது மாணவரைத் தச்சுப்பட்டறைக்கு அழைத்துச் செல்லலாம்.