கதவைத் திறந்துவிடுவது யார்?

பகைவன் மதில் ஏறி வந்தால் காவலன் கண்ணில் பட்டுவிடுவான். அடியார் வேடத்தில் வந்தால் என்ன செய்வது? மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், உடலெங்கும் திருநீறு பூசி, சுவடிக்கட்டுக்குள் கத்தியை ஒளித்து, அவருடைய அரண்மனைக்குள் நுழைந்தான் என்று பெரியபுராணம் கூறுகிறது. பத்தாண்டுகள் போரிட்டும் பிடிக்க முடியாத டிராய் நகரைக் கிரேக்கர்கள் ஒரு மரக்குதிரையைக் கொண்டு பிடித்த கதையும் நாம் அறிந்ததே. அந்தக் குதிரையை நகருக்குள் இழுத்துச் சென்றவர்கள் டிராய் மக்களேதான்! கணிப்பொறியைக் கெடுக்கும் நிரல்களில் ஒரு வகைக்கு ‘டிரோஜன்’ என்ற பெயர் வந்தது இக்கதையால்தான்.

அன்புத் தோழியரே, வைரஸ் ஒரு கோப்பிலிருந்து மற்றொரு கோப்புக்குத் தொற்றிப் பரவும். டிரோஜன் அவ்வாறு பரவாது. நல்ல பொருளைப் போல வேடமிட்டு வாசலில் நிற்கும். நாம் திறந்துவிட்டால்தான் உள்ளே வரும். 1989-ஆம் ஆண்டில் எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி, சுமார் 20,000 பிளாப்பி தட்டுகள் பல நாட்டினருக்குத் தபாலில் அனுப்பப்பட்டன. நம்பிப் போட்டுப் பார்த்தவர்களின் கோப்புகள் பின்னர் முடங்கின. மீட்க வேண்டுமானால் 189 டாலர் அனுப்பு என்று திரையில் மிரட்டல் வந்தது. இன்று தபாலுக்குப் பதிலாக இணையம் இருக்கிறது. இலவச விளையாட்டு, திருட்டு மென்பொருள், மின்கட்டண பாக்கி என்று பல வேடங்கள். ‘பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வினாத்தாள்’ என்று பெயரிட்ட ஒரு கோப்பு வந்தால், நம்மில் எத்தனை பேருடைய விரல் சும்மா இருக்கும்? வெளுத்ததெல்லாம் பாலாகுமா?

வந்திருப்பதை எப்படி அறிவது? ஒன்றும் செய்யாதபோதே கணிப்பொறி திணறும். நாம் நிறுவாத நிரல்கள் பட்டியலில் இருக்கும். உலாவியின் முகப்புப் பக்கம் தானாக மாறும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வைரஸ் தடுப்பு நிரல் தானே அணைந்துகொள்வது. திருடன் முதலில் காவல் நாயைத்தானே கட்டிப்போடுவான்! ஆனால் மெதுவாக ஓடும் கணிப்பொறியில் எல்லாம் டிரோஜன் இருப்பதாக எண்ண வேண்டாம். நம் மதுரை வெயிலும் தூசியும் விசிறியை அடைத்தாலும் அது திணறத்தான் செய்யும். மறுபுறம், எந்த அடையாளமும் காட்டாமல் பதுங்கியிருக்கும் டிரோஜன்களும் உண்டு. ‘உங்கள் கணிப்பொறியில் வைரஸ்! உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரையில் வந்தால் அதுவே மோசடி; அழைக்கக் கூடாது.

அகற்றும் முறையும் நாம் செய்யக்கூடியதே. முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். திருடியதை வெளியே அனுப்ப வழியில்லாமல் போகும். அந்தக் கணிப்பொறியில் வங்கி வேலை எதுவும் செய்யக் கூடாது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் டிஃபெண்டர் என்னும் காவல் நிரல் உடனேயே வருகிறது. அதைப் புதுப்பிப்பதற்கு மட்டும் சிறிது நேரம் இணைப்புக் கொடுத்து, முழுச் சோதனை செய்யலாம். அதிலேயே ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்ற வசதி உண்டு. விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே சோதிப்பதால், ஒளிந்திருப்பதும் அகப்படும்; கால் மணி நேரம் ஆகும். பின்னர் தெரியாத நிரல்களையும் உலாவியில் ஒட்டிக்கொண்ட நீட்சிகளையும் நீக்க வேண்டும். அப்படியும் போகாவிட்டால், படங்களையும் பாடக் குறிப்புகளையும் மட்டும் நகலெடுத்துக்கொண்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே நல்லது. கடவுச்சொற்களை வேறொரு நல்ல கருவியிலிருந்து மாற்ற வேண்டும், மின்னஞ்சலுக்குத்தான் முதலிடம். பணம் போயிருந்தால் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் உடனே சொல்ல வேண்டும்.

இவ்வளவும் எளிதே. கடினமானது ஒன்றுதான்: வீட்டில் வாய் திறந்து சொல்வது.

பல வீடுகளில் நடப்பது என்ன? கணிப்பொறி கெட்டால், கண்டுபிடித்துச் சொன்ன பெண்ணே குற்றவாளி ஆகிறாள். “இதற்குத்தான் உனக்கு இது வேண்டாம் என்றேன்” என்று கணிப்பொறி பூட்டி வைக்கப்படுகிறது. அடுத்த முறை அவள் சொல்வாளா? அவள் வாய் மூடியிருக்கும் நாட்களெல்லாம் டிரோஜனுக்குத் திருநாள். அப்பா தட்டும் வங்கிக் கடவுச்சொல்லை அது ஓசையில்லாமல் திருடிக்கொண்டிருக்கும். ஆகவே திட்டுக்குப் பயந்து மறைப்பதே டிரோஜனுக்கு நாம் இடும் சோறு என்பது என் கருத்து.

பெரியவர்கள் ஏமாற மாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. நம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளம் அணுமின் நிலையத்திலேயே இது நடந்தது. அங்கே ஒரு கணிப்பொறியில் தீய நிரல் இருப்பதை, நாட்டின் கணிப்பொறிப் பாதுகாப்புக் குழுவான செர்ட்-இன், 2019 செப்டம்பர் 4 அன்று தெரிவித்தது. செய்தி வெளியே பரவியபோது, அக்டோபர் 29 அன்று நிலையத்தின் அறிக்கை அதை மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் அது உண்மைதான் என்று கூறியது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த கணிப்பொறி அது. உலை சார்ந்த முக்கியமான வலைப்பின்னல் தனியாக இருந்ததால் அங்கே பாதிப்பில்லை என்றும் கழகம் விளக்கியது. தட்டச்சு செய்வதையெல்லாம் உளவு பார்க்கும் ‘டீட்ராக்’ என்ற நிரல் அது என்று வல்லுநர்கள் கூறினர். வல்லுநர்கள் நிறைந்த இடத்திலேயே இப்படியென்றால், வீட்டில் ஒரு சிறுமியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமா?

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, முக்கியமானதைத் தனியே வைப்பது. வீட்டுக் கணிப்பொறியிலும் பிள்ளைகளுக்கு நிர்வாக உரிமை இல்லாத தனிக் கணக்கு அமைக்கலாம். அப்போது புதிய நிரல் நுழையும்போது பெரும்பாலும் பெரியவரின் கடவுச்சொல்லைக் கேட்கும். மற்றொன்று, மறுப்பதாலும் மறைப்பதாலும் எந்த நிரலும் அழிவதில்லை. சொன்னால்தான் மருந்து தேட முடியும்.

பெற்றோரே, சொன்ன பிள்ளையைத் தண்டியாதீர்கள். கணிப்பொறியைப் பூட்டினால் டிரோஜன் சாகாது. எங்கள் படிப்புத்தான் நிற்கும். அருட்சகோதரிகளே, கணிப்பொறி வகுப்பில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்க வேண்டுகிறோம். தோழியரே, சந்தேகம் வந்த அன்றே சொல்லுங்கள். கதவைத் திறந்துவிடுவது ஒரு கை என்றால், அதை மூடுவதற்கு வீடு முழுவதும் சேர வேண்டும்.