இறந்து 9 மாதத்தில் சரிந்த பிம்பம்: ரவி சக்கரியாஸ் விவகாரத்தில் கேள்வி கேட்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள்?

2020 மே மாதம் அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஒரு நினைவஞ்சலிக் கூட்டம். அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் மைக் பென்ஸே வந்து பேசினார். இறந்தவர், சென்னையில் பிறந்த கிறிஸ்தவப் பிரசங்கியார் ரவி சக்கரியாஸ். ஆனால் அடுத்த ஆண்டு பிப்ரவரியில், அவருடைய புத்தகங்களை இனி அச்சிடப் போவதில்லை என்று பதிப்பகமே அறிவித்துவிட்டது.

இடையில் என்ன நடந்தது? அவர் தப்பான போதனை கொடுத்தார் என்று யாராவது கண்டுபிடித்தார்களா என்றால், இல்லை. சபைகள் பொதுவாகத் தேடுவது அதைத்தான் என்பதால், மற்றது எதுவும் கண்ணில் படவில்லை.

யார் இந்த ரவி சக்கரியாஸ்?

1946ல் அன்றைய மெட்ராஸில் பிறந்து டெல்லியில் வளர்ந்தவர். 20 வயதில் குடும்பத்தோடு கனடா போனார். கடவுள் இருக்கிறாரா, இருந்தால் இவ்வளவு துன்பம் ஏன் என்று பல்கலைக்கழக மாணவர்கள் மேடையிலேயே கேட்பார்கள். இவர் நிதானமாகப் பதில் சொல்வார். கிறிஸ்தவ நம்பிக்கைக்காகத் தர்க்கரீதியாக வாதாடும் இந்தத் துறைக்கு அப்போலஜெட்டிக்ஸ் என்று பெயர். 1984ல் அவர் தொடங்கிய ஆர்.இசட்.ஐ.எம். அமைப்புக்கு இந்தியா உட்படப் பல நாடுகளில் கிளைகள் இருந்தன.

முதல் எச்சரிக்கை எப்போது வந்தது?

2017ல். தன்னிடம் ஆபாசப் படங்களைக் கேட்டு வாங்கினார் என்று கனடாவைச் சேர்ந்த ஒரு பெண் புகார் சொன்னார். சக்கரியாஸ் அதை மறுத்தார். அதோடு விடவில்லை, பணம் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று அந்தப் பெண் மீதும் அவருடைய கணவர் மீதும் வழக்குப் போட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் சமரசம் ஆனது. இதைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்பது ஒப்பந்தம். அந்தப் பெண்ணின் வாய் அடைக்கப்பட்டது. அவர் தரப்புக் கதை மட்டும் ஊருக்குள் உலாவியது.

அதே காலத்தில் இன்னொன்றும் வெளியே வந்தது. பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டிருந்த 'டாக்டர்', கௌரவப் பட்டங்களால் வந்தது மட்டுமே. சின்ன விஷயம்தானே என்று பலர் கடந்து போனார்கள். உண்மையைப் பற்றி ஊர் ஊராகப் பேசுகிறவர் தன் பட்டத்தைப் பற்றி உண்மை சொன்னாரா என்பது அப்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அறிக்கை சொன்னது என்ன?

2020 செப்டம்பரில், அவர் இறந்து 4 மாதம் ஆனபோது, 'கிறிஸ்டியானிட்டி டுடே' இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. அவர் பங்குதாரராக இருந்த ஸ்பாக்களில் வேலை செய்த பெண்கள், அத்துமீறி நடந்துகொண்டார் என்று அதில் சொல்லியிருந்தார்கள். ஆர்.இசட்.ஐ.எம். அமைப்பே 'மில்லர் அண்ட் மார்ட்டின்' என்ற சட்ட நிறுவனத்தை விசாரணைக்கு அமர்த்தியது. இது நீதிமன்றத் தீர்ப்பு இல்லை, குற்றம்சாட்டப்பட்டவரும் உயிரோடு இல்லை. ஆனால் பணம் கொடுத்து விசாரிக்கச் சொன்ன அமைப்புக்கே அறிக்கை பாதகமாக வந்தது.

2021 பிப்ரவரியில் வெளியான அந்த அறிக்கைப்படி, அவருடைய செல்போன்களில் 200க்கும் மேற்பட்ட மசாஜ் சிகிச்சையாளர்களின் எண்கள் இருந்தன. பெண்களின் படங்களும் 200க்கு மேல். ஏழைகளுக்கு உதவ என்று வைத்திருந்த நிதியிலிருந்து சில சிகிச்சையாளர்களுக்குப் பணம் போயிருக்கிறது. ஒரு பெண் சொன்னது இதையெல்லாம் விட மோசம். உதவி செய்துவிட்டு உடலுறவு எதிர்பார்த்தார் என்கிறார். பாலியல் வன்கொடுமை என்றே அறிக்கை அதைப் பதிவு செய்கிறது. கடவுளுக்குச் செய்த சேவைக்கு நீதான் எனக்குக் கிடைத்த வெகுமதி என்றாராம். வெளியே சொன்னால் லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் ரட்சிப்பை இழக்கும், பழி உன்மேல்தான் என்றும் மிரட்டியிருக்கிறார்.

மேடையில் பேசிய அதே மொழிதான். ஆத்துமா, ரட்சிப்பு, ஊழியம். நம்பிக்கை உள்ள ஒரு பெண்ணை மடக்க இதைவிடக் கூர்மையான ஆயுதம் கிடைக்காது.

ஏன் யாரும் கேட்கவில்லை?

யார் கேட்பது? நிர்வாகக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதே பொதுவெளியில் தெரியாது. தலைமைச் செயல் அதிகாரி அவருடைய மகள். அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்குப் பொதுவான கணக்கறிக்கை கொடுக்க வேண்டும். தேவாலயங்களுக்கு அதில் விலக்கு உண்டு. பிற்காலத்தில் இந்த அமைப்பு அந்த விலக்கின் கீழ் போய்விட்டது. உள்ளே கேள்வி கேட்ட ஊழியர்கள் ஒதுக்கப்பட்டார்கள்.

இதில் பைபிளையும் இழுத்தார்கள் என்பதுதான் வேடிக்கை. மூப்பர் மீதான புகாருக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று 1 தீமோத்தேயு 5ஆம் அதிகாரம் சொல்கிறது. புகார் வந்தாலே பல சபைகளில் முதலில் எடுத்துக் காட்டப்படும் வசனம் இது. பாவம் செய்தவரை எல்லோர் முன்னிலையிலும் கண்டிக்கச் சொல்லும் அடுத்த வசனம் மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது. 'ஆரோக்கியமான உபதேசம்' என்ற சொல் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு வந்ததும் தீமோத்தேயு, தீத்து நிருபங்களிலிருந்துதான். போதனையைக் கவனி என்பதோடு உன்னையும் கவனி என்று அங்கே ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டாவது பாதியை ஒரு தனி மனிதரின் மனசாட்சியிடமே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த விவகாரமே போதும்.

இங்கே நிலைமை என்ன?

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு கட்டாயம் என்கிறது இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம். அறக்கட்டளை, சங்கம், தொண்டு நிறுவனம் எல்லாமே இதில் அடங்கும். ஊழியம் நடத்தும் அறக்கட்டளையும்தான். காணிக்கை போடுகிறவர்கள் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், கணக்கை யார் தணிக்கை செய்கிறார்கள் என்று தாராளமாகக் கேட்கலாம். அது விசுவாசக் குறைவு ஆகாது.

அவருடைய புத்தகங்களைத் தூக்கி எறியலாமா என்ற விவாதம்தான் இன்றும் அதிகம் நடக்கிறது. 2017ல் புகார் சொன்ன பெண்ணை ஆர்.இசட்.ஐ.எம். நிர்வாகக் குழு நம்பவில்லை. 2021ல் அவர் சொன்னது உண்மை என்று ஏற்று மன்னிப்புக் கேட்டது. நான்கு ஆண்டுகள் அவர் பொய்க்காரி என்ற பெயரோடு வாழ்ந்திருக்கிறார்.