பழைய மெட்டே போதுமாம்!

பேக்பைப் பத்திப் பேச ஆரம்பிச்சாலே, "அது சாவுக்கும் சிப்பாய் அணிவகுப்புக்கும் ஊதுறதுதானே"ன்னு ஒரு கூட்டம் வரும். அவங்களை விட்டுடலாம், பாவம், தெரியாது. எனக்குக் கோபம் தெரிஞ்சவங்க மேலதான். "நல்ல மெட்டெல்லாம் அந்தக் காலத்துலயே போட்டு முடிச்சாச்சு. இப்போ ஆளுக்கும் சம்பவத்துக்கும் புதுசா மெட்டு போடுறவன் மரபைக் கெடுக்கிறான்" என்பவர்கள் மேல.

எது சார் மரபு? 'பீப்ராக்' எனப்படும் பெரிய இசை வடிவத்தின் உருப்படிகளுக்குப் பெயர்களைப் பாருங்க. இன்னாருக்கு இரங்கல், இன்னாருக்கு வணக்கம், இன்ன குலம் திரண்ட நாள் என்றே போகும். ஸ்கை தீவில் மக்லவுட் தலைவர்களுக்குப் பரம்பரை பைப்பர்களாக இருந்தது மக்ரிமன் குடும்பம். அதில் பாட்ரிக் மோர், எட்டு மகன்களில் ஏழு பேரைப் பெரியம்மைக்குப் பறிகொடுத்து 'குழந்தைகளுக்கான இரங்கல்' மெட்டைப் போட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அன்னைக்கு அது சுடச்சுடப் புது மெட்டு சாமி! "உங்கப்பன் காலத்து மெட்டையே ஊதுப்பா"ன்னு அவர்கிட்ட யாராவது சொல்லியிருந்தா?

இன்னொரு கூத்து. கல்யாணத்துல கேட்டு "ஆஹா, ஆதிகால ஸ்காட்லாந்து"ன்னு பலர் உருகுற 'ஹைலாண்ட் கதீட்ரல்' இருக்கே, அது 1982ல் உல்ரிஷ் ரோவர், மைக்கேல் கோர்ப் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் போட்டது. போதுமா?

"ஒன்பதே சுரம், இதுல என்ன புதுசு?" என்பது அடுத்த வாதம். ஒத்துக்கறேன், பைப் பிடிவாதமான கருவி. சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. நடுவில் நிறுத்தி மௌனம் காட்டவும் முடியாது. மூன்று சுருதிக் குழல்களும் விடாமல் ஒலிக்கும். ஒரே சுரத்தை இரண்டு தடவை வாசிக்கணும்னா நடுவில் ஒரு குட்டி நகாசுச் சுரத்தைச் செருகித்தான் பிரிக்கணும். சரி, பொட்டி தட்டுறவன் புத்தி, கணக்குப் போட்டேன். எட்டே எட்டு இடத்தில் ஒன்பது சுரங்களை வைத்தாலே 4,30,46,721 வரிசைகள். முக்கால்வாசி குப்பைன்னு தள்ளினாலும் மீதிக்கு ஆயுசு பத்தாது. தாளத்தையும் நகாசையும் நான் இன்னும் கணக்குல சேர்க்கவே இல்லை.

"பேரை எடுத்துட்டா அது யாரைப் பத்தின மெட்டுன்னு எவனுக்கும் தெரியாதே?" இது நியாயமான கேள்வி. வார்த்தை இல்லாத இசை ஆளைப் படம் வரையாது, உண்மை. ஆனா ஆள் இல்லாம மெட்டு பிறக்காது. 1915ல் ஜெர்மனியில் போர்க்கைதியாக இருந்த ஜேம்ஸ் ராபர்ட்சன், ஸ்காட்லாந்துக் கடலோரத்தை நினைத்துப் போட்டது 'ஃபேர்வெல் டு த க்ரீக்ஸ்'. 1943ல் சிசிலியில் படையினர் அதை ஊதக் கேட்ட ஹேமிஷ் ஹெண்டர்சன், தீவை விட்டுக் கிளம்பும் சிப்பாய்களுக்காக அதுக்கு வரிகள் எழுதினார். கைதியின் ஏக்கம் இல்லைன்னா மெட்டு இல்லை. மெட்டு இல்லைன்னா பாட்டும் இல்லை.

சண்டை போட வேண்டிய விஷயமே வேற: யாருக்கு மெட்டு? முதலில் சோறு போட்ட குலத்தலைவனுக்கு. அப்புறம் பட்டாளத்துக்கு. 1897ல் அஃப்ரிதிகள் காத்து நின்ற தர்காய் மலையைக் கார்டன் ஹைலாண்டர்ஸ் பிடித்ததுக்கு 'தர்காய் சிகரங்கள்'னு மெட்டு இருக்கு. தன் மண்ணைக் காக்க நின்று செத்த அஃப்ரிதிக்கு அதில் இடமில்லை. பழைய மெட்டே போதும்னா இந்தப் பாகுபாடும் அப்படியே போதும்னு அர்த்தம்.

புதுசா போட்டதால்தானே அது மாறுச்சு? டொனால்ட் மக்லவுட் தன் மகள் பேரில் 'சூசன் மக்லவுட்' போட்டார். குப்பை அள்ளும் வேலை பார்த்த கார்டன் டங்கன் (2005ல் மறைந்தார்), ஒருத்தர் வளர்த்த ஃபெரட்டுக்கே (கீரி மாதிரிப் பிராணி) மெட்டு போட்டார். பண்டிதர்கள் முகம் சுளிக்கட்டும். தலைவன் செத்தா இரங்கல் உண்டு, மளிகைக்கடைக்காரர் செத்தா கிடையாது என்பது மரபு இல்லை, பழைய சம்பளப் பட்டியல்.

போடுங்கய்யா புது மெட்டு. நல்லா இல்லைன்னா தானா மறந்துடும், அதுக்கு நீங்க காவல் நிக்க வேணாம். திட்டணும்னா பின்னூட்டப் பெட்டி திறந்தேதான் இருக்கு.