தடை மட்டும் போதுமா?

உத்தரகண்டின் சமோலி மாவட்டத்தில், ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில் உள்ளது ரூப்குண்ட் ஏரி. கரையில் சிதறிக் கிடக்கும் மனித எலும்புகளால் உலகறிந்த அந்த ஏரிக்குப் பணிக்காலத்தில் ஒருமுறை சென்றேன். பல நாள் ஏற்றம்; கடைசிச் சரிவில் பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஆனால், நினைவில் தங்கியிருப்பது வழியிலுள்ள பேத்னி புல்வெளிதான். நெருக்கமாக நின்ற கூடாரங்களுக்கு இடையே புல் தேய்ந்து மண் தெரிந்தது; பாறை இடுக்குகளில் நெகிழி உறைகள்.

2018-இல் உத்தரகண்ட் உயர்நீதிமன்றம் இத்தகைய மலைப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்தது. வருவோர் எண்ணிக்கையையும் 200-க்குள் வரையறுத்தது. புல்வெளிக்கு அந்த ஓய்வு தேவைதான். ஆனால், அதன் விலையைத் தருபவர்கள் யார்? என் சுமையை ஏற்றிவந்த கோவேறு கழுதைக்காரரும் வழிகாட்டிய இளைஞரும்தானே?

எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட மேய்ச்சல் நிலம் அழியும் என்று 1968-இல் எச்சரித்தார் காரெட் ஹார்டின். பயன்படுத்துவோரே விதி வகுத்துக் கண்காணித்தால் பொதுவளம் நிலைக்கும் என்பதைக் கள ஆய்வுகளால் காட்டி, 2009-இல் நோபல் பரிசு பெற்றார் எலினோர் ஆஸ்ட்ரம்.

உத்தரகண்டில் வன ஊராட்சி என்பது 1931-ஆம் ஆண்டு விதிகளிலிருந்தே தொடரும் மரபு. புல்வெளிக்கு வெளியே தங்குமிடம், நாள்தோறும் எண்ணிக்கை வரம்பு, நுழைவுக் கட்டணம் ஆகியவற்றை அவற்றிடமே ஒப்படைக்கலாம். புல் தேய்ந்தால் தம் வருவாயும் தேயும் என்று அறிந்தவர்களைவிடச் சிறந்த காவலர் வேறு யார்?