வேர்ப்புழுவும் அதனைக் கொல்லும் நூற்புழுவும்

நிலக்கடலை, கரும்பு, பாக்கு முதலியவற்றின் வேர்களைத் தின்று பயிரை வாட்டும் வெண்ணிற வேர்ப்புழுவை அறியாத குடியானவர் இலர். அது மண்ணுக்குள் மறைந்து வாழ்வதனால், மேலே தெளிக்கும் மருந்து அதனிடம் எளிதிற் சென்று சேர்வதில்லை. இப்புழுவைத் தேடிச்சென்று கொல்லும் நூற்புழுக்கள் இப்போது விலைக்குக் கிடைக்கின்றன. இவற்றைச் சிலர் அளவு கடந்து புகழ்கின்றனர். வேறு சிலரோ ஒருமுறை வாங்கி ஏமாந்து இகழ்கின்றனர். இவ்விரண்டும் சரியன்று என்பதும், தவறு பெரும்பாலும் உபயோகிக்கும் முறையிலேயே உள்ளது என்பதும் நமது அபிப்பிராயம்.

நூற்புழு என்றவுடன் வேர்முடிச்சு நோயை நினைத்து அஞ்சுவோர் பலர். அவ்வச்சம் வேண்டியதில்லை. வேர்முடிச்சை உண்டாக்கும் நூற்புழுவிற்கு வேரைத் துளைத்து உறிஞ்சும் ஊசி போன்ற வாயுறுப்பு உண்டு. பூச்சியைக் கொல்லும் நூற்புழுவிற்கு அது கிடையாது. இது பயிரைத் தீண்டாது. மனிதர்க்கும் கால்நடைகட்கும் தீங்கு செய்யாது. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளமுள்ள இதன் இளம்பருவம் மண்ணின் ஈரத்தில் நகர்ந்து, வேர்ப்புழுவின் வாய், மலவாய், மூச்சுத்துளை ஆகியவற்றின் வழியே உட்புகும். அது தன் குடலில் சுமந்துவரும் ஒருவகை பாக்டீரியா புழுவின் உடலிற் பெருகி, சாதாரணமாக இரண்டு நாட்களில் அதனைக் கொல்லும். பின்னர் நூற்புழு அவ்வுடலையே உண்டு பெருகி, சுமார் இரண்டு வாரங்களில் பெருந்திரளாக வெளிவந்து வேறு புழுக்களைத் தேடும்.

இம்முறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாகாணத்தில் ஜப்பானிய வண்டு என்னும் பூச்சி 1916-ம் ஆண்டில் முதன்முதலாகக் காணப்பட்டது. அதன் புழுக்களிலிருந்து 1929-ம் ஆண்டில் கிளேசர் என்னும் அறிஞர் இத்தகைய நூற்புழுவொன்றைக் கண்டெடுத்து, செயற்கை உணவில் வளர்த்து வயல்களிலும் விட்டுப் பார்த்தார். ஆனால் உடன்வாழும் பாக்டீரியாவின் பங்கு அக்காலத்தில் விளங்கவில்லை. பின்னர் வந்த இரசாயன மருந்துகளின் பெருக்கத்தில் இவ்வழி பல ஆண்டுகள் புறக்கணிக்கப்பட்டது. நமது மாகாணத்திற்கும் இதிற் பங்குண்டு. கோயமுத்தூர்க் கரும்பு நிலத்தில் கிடைத்த நூற்புழுவே 1992-ம் ஆண்டில் ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா என்னும் பெயருடன் உலகிற்கு விவரிக்கப்பட்டது. உஷ்ணப் பிரதேசத்து மண்ணிற் பிறந்தமையால் இது வெப்பத்தை நன்கு தாங்கும்.

இவ்வளவு நன்மையிருந்தும் பலர் பயனடையாமைக்குக் காரணம் என்ன? உயிருள்ள பிராணியை உர மூட்டையைப் போல நடத்துவதே. வாங்கிய பொட்டலத்தை வெயிலில் வைத்துவிட்டு, உச்சிப் பகலில் காய்ந்த நிலத்தில் தெளித்தால் பணம் போயிற்றென்றே கொள்ளவேண்டும். வெயிலும் வறட்சியும் இதற்கு எமன். ஆகையால் மாலையில், முன்பே நீர் பாய்ச்சிய நிலத்தில் தெளித்து, உடனே மறுபடியும் சிறிது நீர் பாய்ச்சுதல் வேண்டும். தெளிகருவியின் நுண்ணிய வடிகட்டிகளை நீக்கிவிடுதல் நலம். பொதுவாகக் கூறப்படும் அளவு ஏக்கருக்குச் சுமார் 100 கோடி இளம்பருவங்களாகும். வேர்ப்புழு சிறிதாயிருக்கும் காலத்தில், அதாவது முதல் மழைக்கு வண்டுகள் கிளம்பிய சில வாரங்களுக்குள், இதனை விடுவதே சிறந்தது. முதிர்ந்த புழு எளிதில் மடியாது.

வாங்கும்போதே சோதித்தலும் அவசியம். சிறிது சரக்கைத் தண்ணீரிற் கரைத்துச் சற்றுநேரம் விட்டு, ஒரு நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடியாற் பார்த்தால், உயிருள்ளவை நெளிவது தெரியும். நேராக அசைவற்றுக் கிடப்பவை செத்தவையே. இச்சோதனைக்கு உடன்படாத வியாபாரியிடம் வாங்குதல் தகாது. வேளாண்மை அதிகாரிகள் தமது கிளை அலுவலகங்களில் ஓர் உருப்பெருக்கியை வைத்து, குடியானவர் கொண்டுவரும் சரக்கைப் பார்த்துச் சொல்வார்களாயின், அது பல துண்டுப் பிரசுரங்களை விட மேலான உதவியாகும்.

இனி, கிராமத்தாருக்கு ஒரு வார்த்தை. வேர்ப்புழுவின் தாய்வண்டுக்கு வரப்பு என்பதொன்றில்லை. முதல் கோடைமழைக்குப்பின் அவை இரவில் வேம்பு முதலிய மரங்களில் கூடித் தழையை உண்டு, பின் அக்கம்பக்கத்து நிலங்களில் முட்டையிடுகின்றன. ஒருவர் நூற்புழுவிற்குச் செலவிட, அடுத்தவர் சும்மாவிருந்தால், மறு வருஷம் இருவர் நிலத்திலும் புழு இருக்கும். எனவே கிராம நிர்வாக அலுவலரும் பஞ்சாயத்துத் தலைவரும் முன்னின்று, வண்டுகள் கிளம்பும் இரவுகளில் மரக்கிளைகளை உலுக்கி அவற்றைச் சேகரித்து அழிக்கவும், பின் ஒரே வாரத்தில் நூற்புழுவைத் தெளிக்கவும் ஏற்பாடு செய்தல் வேண்டும். கூட்டாக வாங்கினால் சரக்கு நாட்பட்டுக் கிடவாது; சோதிப்பதும் எளிது.

நூற்புழு எல்லாப் பூச்சிக்கும் மருந்தன்று. வெயிலிற் காயும் இலைகளின்மேல் வாழும் பூச்சியிடம் இதனை ஏவுவது பெரும்பாலும் வீண். ஆனால் மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் பகைவனை மண்ணுக்குள்ளேயே சென்று தாக்கவல்ல சேவகன் இது. ஆடு மாடுகளைப் பேணுவது போல் இதனையும் உயிரென்று கருதிப் பேணுவோர்க்கே இதன் பலன் கிட்டும். வரும் கோடைமழைக்கு முன்னரே கிராமத்தார் கூடி, இது குறித்து ஒரு முடிவுக்கு வருவார்களாக.