மாமனார் கையில் ரம்பம்

மரம் அறுக்கும் மிஷின் வாங்கப் போகிற எவரும் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, ‘‘இருக்கிறதிலேயே எது சார் பவர்?’’ என்பதுதான். அவரும் சந்தோஷமாக 58 சி.சி., 22 இன்ச் என்று ஒன்றை எடுத்து மேஜை மேல் வைப்பார்.

58 சி.சி. என்றால் என்ன தெரியுமா? டி.வி.எஸ். 50-ன் இன்ஜினே 50 சி.சி.தான். அதைவிடப் பெரிய ஓர் இன்ஜினை, சீட்டும் சக்கரமும் இல்லாமல் இரண்டு கையால் தூக்கிப் பிடித்துக்கொள்ளப் போகிறீர்கள். முன்னால் செகண்டுக்கு சுமார் 20 மீட்டர் வேகத்தில் பல் வைத்த செயின் ஓடிக்கொண்டிருக்கும். எதற்கு? வெந்நீர் அடுப்புக்கு நாலு கட்டை விறகு போட!

டெல்டா பக்கம் இந்த மிஷின் ஆசை வீட்டுக்கு வீடு வந்தது, 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயலுக்கு அப்புறம். சென்னைக்காரர்களுக்கு அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2016 டிசம்பரில் வர்தா காட்டிக் கொடுத்துவிட்டது. கோடாலியோடு நின்றால் ஒரு மாதம் ஆகும் வேலையை, மிஷின்காரர் வந்து வாழைத்தண்டு நறுக்குகிற மாதிரி முடித்துவிட்டுப் போனார். வேடிக்கை பார்த்தவர்கள் மனசில் அன்று விழுந்த விதை இன்னும் முளைத்துக்கொண்டே இருக்கிறது.

பட்டுக்கோட்டை பக்கத்தில் இருக்கும் என் மாமனார் மனசில் போன மாதம் முளைத்தது.

‘‘மாப்ளே, மிஷின் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். 22 இன்ச்சு. நீங்க என்ன சொல்றீங்க?’’

‘‘விறகு எவ்வளவு மொத்தம் மாமா?’’

‘‘எல்லாம் சீமைக் கருவைதான். தொடை மொத்தம் இருக்கும்.’’

‘‘உங்க தொடையா, மச்சான் தொடையா?’’

இதைக் கிண்டல் என்று அவர் எடுத்துக்கொண்டார். வாஸ்தவத்தில் ரம்பம் வாங்குவதில் இதுதான் முக்கியமான கேள்வி. செயின் ஓடுகிற நீளத் தகடு இருக்கிறதே, அதற்கு ‘பார்’ என்று பெயர். நீங்கள் வழக்கமாக அறுக்கிற கட்டையின் குறுக்களவைவிட அது இரண்டு இன்ச் கூடுதலாக இருந்தால் போதும். தொடை மொத்தக் கருவைக்கு 12 இன்ச்சே தாராளம். எப்போதாவது ஓரடி குறுக்களவில் ஒரு வேம்பு விழும் என்றால் 14 அல்லது 16. அதற்கு மேல் வாங்குவது தோசைக்கு உரலைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. பார் நீளமாக நீளமாக எடை ஏறும், கை தளரும், நுனி எங்கே போய் இடிக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

நுனியில்தான் எமன் உட்கார்ந்திருக்கிறான். பார் நுனியின் மேல் கால்பாகம் எதிலாவது பட்டால், பல் மரத்தைக் கடிப்பதற்குப் பதில் மிஷின் மொத்தமும் மேலே எகிறி உங்கள் முகத்தை நோக்கித் திரும்பும். கண் சிமிட்டுகிற நேரம்கூடக் கிடையாது. ‘நான் ஜாக்கிரதையாப் பிடிச்சுக்குவேன்’ என்பதெல்லாம் செல்லாது. மிஷின் எகிறி முடித்த பிறகுதான் மூளைக்கே தகவல் போகும்!

அதனால் கடையில் பார்க்கவேண்டிய முதல் சமாச்சாரம் சி.சி. இல்லை, செயின் பிரேக். முன் கைப்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு நிற்கும். மிஷின் எகிறினால் அது மணிக்கட்டில் பட்டு, செயினை அப்படியே நிறுத்தும். அதைத் தள்ளி, இழுத்து, வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலையே பேசவேண்டும். அது இல்லாத மிஷினை இனாமாகக் கொடுத்தாலும் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள்.

இந்த மிஷினின் பூர்வீகம் கேட்டால் இன்னும் வயிறு கலங்கும். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் ஏய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு ஸ்காட்லாந்து டாக்டர்கள்தான் பல் வைத்த சங்கிலியை முதலில் யோசித்தது. மரத்துக்கு அல்ல, எலும்புக்கு! சிக்கலான பிரசவத்தில் இடுப்பெலும்பைப் பிரிக்கக் கையால் இழுக்கிற சின்னச் சங்கிலி அது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926-ல் கரன்ட்டிலும், 1929-ல் பெட்ரோலிலும் மரம் அறுக்க மிஷின் செய்தார். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

இன்றைய செயினுக்குப் பாடம் எடுத்தது ஒரு புழு. அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, 1946-ல் ஒரு வண்டின் புழு கட்டையைக் குடைவதை உட்கார்ந்து பார்த்தார். இடது, வலது என்று மாற்றி மாற்றி அது கடித்துக்கொண்டே போயிற்று. அதே மாதிரி இடதும் வலதுமாகப் பல் வைத்து அடுத்த வருஷமே செயின் செய்து விற்க ஆரம்பித்தார். இன்றைக்கும் எந்த மிஷினில் பார்த்தாலும் அந்தப் புழுவின் தாடைதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, பெட்ரோலா, கரன்ட்டா, பேட்டரியா?

வீட்டு வாசலிலேயே விறகு கிடந்தால் கரன்ட் மிஷின் போதும். 2,000 வாட் பக்கம் இழுக்கும். ஃபேன் போடுகிற பிளக்கில் சொருகாதீர்கள், 16 ஆம்ப் பிளக் வேண்டும். சீரியல் லைட் வயர் மாதிரி இளைத்த எக்ஸ்டென்ஷன் வயரைப் போட்டால் வயர் சூடாகி, மரத்துக்கு முன் அதுதான் எரியும். ஈரத் தரையில் தொடவே கூடாது.

பேட்டரி மிஷினில் சத்தமும் புகையும் குறைவு. விளம்பரத்தில் வருகிற 4 இன்ச், 6 இன்ச் பொம்மை சைஸ் ரம்பங்கள் முருங்கைக் கிளைக்குச் சரி. கருவையிடம் பாச்சா பலிக்காது.

தோப்பு தூரத்தில் இருந்தால் பெட்ரோல்தான். வீட்டு விறகுக்கு 35-லிருந்து 45 சி.சி. ஏராளம். பெட்ரோலில் 2டி ஆயில் கலக்கவேண்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எது என்று மிஷினோடு வருகிற புத்தகத்தில் இருக்கும். வெறும் பெட்ரோல் ஊற்றினால் இன்ஜின் சீஸ். செயினுக்கு வேறு ஆயில், வேறு டேங்க். வருஷத்துக்கு இரண்டு நாள் மட்டும் எடுப்பதாக இருந்தால், மிச்சப் பெட்ரோல் கார்ப்பரேட்டரில் பிசினாகி உட்கார்ந்துகொள்ளும். அடுத்த வருஷம் கயிறு இழுத்து இழுத்து உங்கள் தோள்பட்டைதான் கழன்று வரும்.

பல் மழுங்கியதைக் கண்டுபிடிப்பது சுலபம். சீவல் சீவலாக விழுந்தால் பல் கூர். மாவு மாதிரி கொட்டினால், நிறுத்திவிட்டு உருண்டை அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லையும் ஒரே கோணத்தில், ஒரே எண்ணிக்கையில் ராவ வேண்டும். தரையில் கிடக்கும் கட்டையை அப்படியே அறுத்தால் செயின் மண்ணைத் தொட்ட அந்த நிமிஷமே மழுங்கும். தென்னையின் வெளிப்பக்கமும் பல்லைப் பதம் பார்க்கும். தெருவோர வேம்பு என்றால் ஜாக்கிரதை. டியூஷன் சென்டரிலிருந்து மூலம் பௌத்திரம் வரை அத்தனை தகரப் போர்டின் ஆணிகளும் உள்ளே இருக்கும்!

கட்டையைப் பெருக்கல் குறி மாதிரி சட்டம் அடித்த ஸ்டாண்டில் ஏற்றி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தை அறுக்கவேண்டும். இரண்டு முனையும் தாங்கலில் இருக்க நடுவில் அறுத்தால், வெட்டு வாய் மூடி பாரைக் கவ்விக்கொள்ளும். தோளுக்கு மேல் மிஷினைத் தூக்கவே கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு மாமா கேட்டார்:

‘‘வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அறுக்கலாம்ல மாப்ளே?’’

கூடாது! பறக்கிற துணியை செயின் கவ்விப் பிடித்தால், வேட்டியோடு சேர்ந்து தொடையும் போகும். இறுக்கமான பேன்ட், கனமான பூட்ஸ், கண்ணாடி, காதுக்கு மூடி... பிறகு காலுக்கு ஒரு கவசம். அதற்குள் நீள நீளமாக இழை இருக்கும். செயின் பட்டால் இழை வெளியே வந்து சுற்றி, மிஷினையே மடக்கி நிறுத்தும். 22 இன்ச்சிலிருந்து 14 இன்ச்சுக்கு இறங்கினால் மிச்சமாகும் பணத்தை இதில் போடுங்கள். பக்கத்தில் கூப்பிடு தூரத்தில் ஓர் ஆள் இல்லாமல் மிஷினை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

வருஷத்துக்கு இரண்டு நாள் வேலைதான் என்றால் இன்னும் நல்ல யோசனை இருக்கிறது. மிஷின்காரரைக் கூலிக்குக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, தூரமாக நின்று வேடிக்கை பாருங்கள். மாதா மாதம் விறகு வேண்டும் என்கிறவர்கள் மட்டும் சொந்த மிஷின் வாங்கலாம்.

கடைசியாக ஒன்று. எந்த மிஷின் வாங்கினாலும் அது கட்டையைத் துண்டுதான் போடும். பிளந்து காயப் போட்டால்தான் விறகு எரியும். பிளப்பதற்கு அதே பழைய கோடாலிதான்.

அதற்கு சி.சி. கிடையாது.