தோலில் விழுந்த துளை

துணியில் ஊசி தவறிக் குத்தினால் இழைகள் மீண்டும் நெருங்கித் துளை மறைந்துவிடும். தோலிலோ ஒருமுறை விழுந்த துளை என்றும் துளையே. பிழை திருத்த இடமில்லை என்பதே தோல் தைப்போர்க்கு முதற்பாடம். அத்தொழிலுக்குரிய தையற்பொறியைப் பழையதாக விலைக்கு வாங்குவோர்க்கும் இப்பாடம் பொருந்தும் என்பதை அண்மையில் நாம் கண்கூடாகக் கண்டோம்.

கடலூர்ச் சிப்காட் வளாகத்தை ஒட்டிய ஊர் குடிகாடு. அவ்வூரினரான நம் முன்னாள் மாணவர் ஒருவர், இளங்கலைத் தமிழ் பயின்றவர், தோற்பையும் இடைவாரும் தைத்து விற்க எண்ணினார். தாயாரின் வளையல்கள் அடகுக்குச் சென்றன. பழைய மிஷின் ஒன்று வீட்டுக்கு வந்தது. வண்ணம் புதிதாகப் பூசப்பட்டிருந்தது. மின்னிணைப்புக் கொடுக்க முனைந்தபோதுதான் அதன் மோட்டார் மும்முனை மின்சாரத்துக்குரியது எனத் தெரிந்தது. கடன் வாங்கி மோட்டாரை மாற்றி ஓட்டினால், நான்கு தையலுக்கு ஒரு தையல் தவறியது. உள்ளே கொக்கியின் முனை தேய்ந்து போயிருந்தது. விற்றவரோ தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

“ஐயா, செய்யுளில் தளை தட்டினால் கண்டுபிடிக்கக் கற்றுக் கொடுத்தீர்கள். மிஷினில் தையல் தட்டினால் எப்படிக் கண்டுபிடிப்பது?” என்று அவர் வினவினார். நம்மிடம் விடையில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

உவமையும் உழைப்பாளியும்

புறநானூற்றின் 82ஆம் பாடலில் சாத்தந்தையார் ஒரு காட்சியைக் காட்டுகிறார். ஊரில் விழா, மனைவிக்கோ பேறுகாலம், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. இந்நிலையில் கட்டிலுக்கு வார் பின்னும் ஒருவனது கை ஊசி எத்துணை விரைவாக ஓடும்! போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் போர் விரைவுக்கு அவ்வூசியே உவமை. மன்னன் புகழ்பாட ஊசி வேண்டியிருந்தது. ஊசி பிடித்தவனை மட்டும் பாடல் இழிந்தோன் எனச் சுட்டிவிடுகிறது. வகுப்பில் உவமை நயத்தைப் பாராட்டும் நாமும் அவனைப் பற்றி ஒரு சொல்லும் கூறாது அடுத்த பாடலுக்குச் சென்றுவிடுகிறோம். நம் மாணவர் அடைந்த இழப்புக்கு வித்து இங்கேதான் உள்ளது எனக் கருதுகிறோம்.

தமிழகத்து முஸ்லிம்கள் தோல் தொழிலுக்குக் கடன்பட்டவர்கள். திருச்சியில் 1951இல் தோன்றிய கல்லூரி தாங்கியிருக்கும் ஜமால் முஹம்மது என்னும் பெயர் தோல் வணிகத்தில் ஓங்கிய பெருமகனாருடையது. வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்த மண்ணும் தோல் தொழில் தழைத்த மண்ணே. தோல் கல்வியை வளர்த்தது. கல்வி தோல் தொழிலாளிக்குத் திருப்பித் தந்தது யாது?

தோல் என்றதும் பாலாற்றின் நிலையை நினைந்து அஞ்சுவோர் உண்டு. பதனிடும் ஆலைகளின் கழிவு குறித்து உச்சநீதிமன்றம் 28-8-1996இல் வழங்கிய தீர்ப்பை நாம் மறக்கவில்லை. ஆலைகளுக்கு நடுவே வாழும் குடிகாட்டு மக்களுக்கு அவ்வச்சத்தின் பொருளை நாம் விளக்க வேண்டியதுமில்லை. ஆயினும் பதனிடுதல் வேறு, தைத்தல் வேறு. பதனிட்ட தோலை வாங்கி வீட்டுத் திண்ணையில் தைப்பதால் எந்த ஆறும் கெடுவதில்லை.

வாங்குமுன் காண வேண்டியவை

மாணவரை அழைத்துக்கொண்டு ஆம்பூருக்குச் சென்று, காலணித் தொழிலில் முதிர்ந்த பெரியவர் ஒருவரிடம் பாடம் கேட்டோம். அவர் கூறியவற்றைப் பிறரும் பயன்கொள்ளுமாறு தொகுத்துரைக்கின்றோம்.

சாதாரணத் தையல் மிஷினில் கீழுள்ள பற்கள் மட்டுமே துணியைத் தள்ளும். தடித்த தோலில் கீழடுக்கு நகர, மேலடுக்கு அழுத்தும் பாதத்தில் ஒட்டிப் பின்தங்கும். எனவே ஊசி, பாதம், பல் மூன்றும் ஒருங்கே நகரும் மிஷினே பை தைப்பதற்கு ஏற்றது. மின்சாரம் கொடுக்குமுன் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தல் வேண்டும். இறுக்கமோ தளர்ச்சியோ இருப்பின் கையே உணர்த்திவிடும். கொக்கியின் முனையை விளக்கொளியில் பார்க்க வேண்டும். வீட்டு இணைப்பு ஒருமுனையாயின் மோட்டாரும் அதற்கேற்றதா எனக் கேட்க வேண்டும். பழைய கிளட்ச் மோட்டார் தைக்காதபோதும் ஓடிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் மிதித்தால்தான் ஓடும். மெல்லத் தைத்துப் பழகுவோர்க்குப் பின்னதே நன்று.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. விற்பவர் காட்டும் துண்டில் தைத்துப் பார்த்து மகிழ்தல் கூடாது. நாம் தைக்கவிருக்கும் தோலையும் நூலையும் நாமே கொண்டு சென்று, இரண்டு, மூன்று, நான்கு அடுக்குகளில் தைத்துப் பார்த்த பின்னரே பணத்தை எடுக்க வேண்டும். அம்மிஷினுக்குரிய ஊசியும் உதிரிப் பாகமும் கடையில் கிடைக்குமா என்பதையும் அன்றே அறிந்துகொள்ள வேண்டும்.

நம் கடமை

வாங்குவோர் விழிப்புடன் இருத்தல் வேண்டும் என்று மட்டும் கூறி முடிப்பது நீதியன்று. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளிருந்த ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதனை மக்கள் காணுமாறு மேலே வைக்காதது ஏன் என வணிகரைக் கேட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். தேய்ந்த கொக்கிக்கு மேல் புதுவண்ணம் பூசுவதும் ஈரத்தின்மேல் உலர்ந்த தானியத்தைப் பரப்புவதும் ஒன்றேயன்றோ!

ஜமாஅத்துப் பெரியோர்களிடம் நாம் வேண்டுவது ஒன்று. பைத்துல்மால் நிதியிலிருந்து இத்தகைய இளைஞர்க்கு அழகிய கடனாகப் பொருள் கொடுங்கள். மிஷினைப் பார்த்து வாங்கித் தரத் தொழிலறிந்த ஒருவரையும் உடன் அனுப்புங்கள். பொருளை மட்டும் கொடுத்தால் அது ஏமாற்றுவோர் கைக்கே போய்ச்சேரும். கல்லூரியிடமும் ஒன்று வேண்டுகிறோம். ஆண்டுக்கு ஒருநாளேனும் ஒரு கைத்தொழிலாளியை நம் வகுப்பறைக்கு அழைத்து, அவரை ஆசிரியராக அமர்த்தி, நாம் மாணவராக அமர்வோம்.

குடிகாட்டு மாணவர் புதிய கொக்கி பொருத்திவிட்டார். மிஷின் இப்போது ஒழுங்காகத் தைக்கிறது. வளையல்கள் இன்னும் மீளவில்லை. பழைய கொக்கியில் தைத்த முதற்பையை விற்க மனமின்றி நம் துறைக்கு அளித்தார். தையல் தவறிய இடங்களில் துளைகள் அப்படியே இருக்கின்றன. புறநானூற்றுப் பாடம் நடத்தச் செல்லும்போது அப்பையில்தான் நூலை எடுத்துச் செல்கிறோம்.